துணி போட்ட கைப்பிடி

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் சின்னவள். உடைத்தவளும் அவள்தான். தண்டனை மட்டும் வேறொருத்திக்குப் போனது.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சின்னவள். பட்டத்தை வாங்கிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்தாள் என்றால், சட்டி பானை விற்கிற ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு. ஓவன் வாங்கினவர்களெல்லாம் ஏதோ பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஏம்மா, அடுப்புல வெக்கிற சட்டிய ஓவன்ல வெக்கலாமா?"

"கைப்பிடி எதுல செஞ்சிருக்கு, பாத்துச் சொல்லுங்க. கறுப்பா பிளாஸ்டிக் மாதிரி இருக்கா? அப்ப வேண்டாங்க. மரமா? வேண்டவே வேண்டாம். மூடி கண்ணாடியா? மூடிய வெளிய வெச்சிடுங்க. உள்ள நான்-ஸ்டிக் பூச்சு இருந்தா வெறும் சட்டிய உள்ள வெச்சுச் சூடு பண்ணாதீங்க, மேல இருக்கிற சூட்டுக் கம்பிக்குப் பக்கத்துலயும் வெக்காதீங்க."

ஒரு நாள் ஒரு அம்மா, மரக் கைப்பிடி கரியாகி வீடெல்லாம் புகையாக இருக்கும்போதே கூப்பிட்டு, "இப்ப வெளிய எடுக்கலாமா, இல்ல இன்னும் வேகணுமா?" என்று கேட்டாள். சின்னவள் வீட்டில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

"சட்டிக்கு வக்காலத்து வாங்கத்தானா காலேஜுக்கு அனுப்பினேன்?" என்பாள் அம்மா. சொல்லும்போது பெருமைதான். அலுவலகக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கிறவள் அம்மா. தன் மகள் அதே மாதிரி ஒரு கட்டடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவளுக்குப் போதும்.

பெரியவள் தையல்காரி. துணி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு பட்டறையில் வேலை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று சொந்தக்காரர்கள் அவளைச் சொல்வார்கள். விட்டவளாம்! இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்று ஆனபோது பெரியவளைத் தூக்கி மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் எதையும் விடவில்லை. அவளிடமிருந்து பிடுங்கினார்கள். பிடுங்கியதைத் தின்று வளர்ந்தவள் தான் என்பது சின்னவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அக்கா முன்னால் எதிலாவது தப்பு செய்துவிட்டால் அவளுக்கு உயிரே போய்விடும். அத்தனை பேர் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்த பெண் தப்பு செய்யலாமா?

ஆனால் பெரியவளின் கண் லேசுப்பட்ட கண் இல்லை. மேஜையின் அந்தக் கோடியில் கிடக்கும் சட்டையில் ஒரு தையல் தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடுவாள். புது மாதிரி வந்தால் அதன் முதல் சட்டையைத் தைப்பவர் சாம்பிள் டெய்லர். அதைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் தைப்பார்கள். அந்த இடம் காலியானபோது பட்டறை மாஸ்டர் நேராகப் பெரியவளிடம் வந்தார். "ஒரு சட்டை தைச்சுக் காட்டு. சரியா வந்தா நாற்காலி உன்னுது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து பெரியவள் பேசிய பேச்சில் அம்மாவே, "போதும்டி, காது வலிக்குது" என்று எழுந்து போனாள்.

சட்டத்துக்கு வருவோம். வீட்டுக்கு ஒரு சின்ன ஓவன் வந்ததும், ஊழியர்களுக்குக் கழிவு விலையில் கிடைத்த ஒரு வாணலியைச் சின்னவள் கொண்டுவந்தாள். கைப்பிடி உட்பட முழுக்க ஸ்டீல். பிளாஸ்டிக் கிடையாது, மரம் கிடையாது, அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே ஓவனுக்குள் தள்ளலாம். அம்மாவையும் அக்காவையும் நிற்க வைத்து அவள் பாடம் நடத்தினாள்.

"அடுப்புல வெச்சா நெருப்பு கீழ மட்டும்தான் இருக்கும். அதனால கைப்பிடி தொடுற மாதிரி இருக்கும். ஓவன்ல நாலா பக்கமும் சூடு. சட்டி எவ்ளோ சூடோ கைப்பிடியும் அவ்ளோ சூடு. ஆனா பாத்தாத் தெரியாது. வெளிய எடுத்து அடுப்பு மேல வெச்சுட்டோம்னா, பழைய ஞாபகத்துல கை தானா போய்ப் பிடிச்சிரும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"வெளிய எடுத்ததும் கைப்பிடி மேல துணியப் போடணும். துணி இருந்தா தொடக்கூடாது. துணி இல்லேன்னா தாராளமாத் தொடலாம். ஆறின பிறகுதான் துணிய எடுக்கணும். இதான் ரூல்."

"சட்டிக்குக் குளிருமோ?" என்றாள் அம்மா.

பெரியவள் சிரிக்கவில்லை. அவளுக்குத் தங்கை சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அந்தக் கைப்பிடியில் துணியை விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்துப் போட்டாள், பட்டறையில் காலரை மடிப்பதுபோல.

ஒரு விடுமுறை நாள் மதியம். கோழியும் உருளைக்கிழங்கும் ஓவனில் வெந்து முடிந்திருந்தன. சின்னவள் வாணலியை எடுத்து அடுப்பின் மேல் வைத்தாள். கைப்பிடியில் துணியைப் போட்டாள். அதுவரை எல்லாம் சரி. கூடத்தில் மடிக்கணினி திறந்து கிடந்தது. அன்று அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஃபோன் அடித்தது. பாய்ந்து போய் எடுத்ததில் முழங்கை பட்டுத் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. தண்ணீர் விசைப்பலகையை நோக்கி ஓடியது. கம்பெனிக் கணினி! சமையலறைக்கு ஓடி, முதலில் கையில் பட்ட துணியை உருவிக்கொண்டு வந்து துடைத்தாள்.

முதலில் கையில் பட்டது அந்தத் துணிதான்.

பெரியவள் குளித்துவிட்டு வந்தாள். தட்டுகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. வாணலி அடுப்பின் மேல் இருந்தது. கைப்பிடியில் துணி இல்லை. வலது கையால் இறுகப் பிடித்துத் தூக்கினாள்.

அந்தச் சத்தத்தைச் சின்னவள் எந்த ஜென்மத்திலும் மறக்கப் போவதில்லை. அலறல்கூட இல்லை. காற்றை உள்ளே இழுக்கிற ஒரு சத்தம். தூக்கிய வாணலி மறுபடி அடுப்பின் மேலேயே விழுந்திருந்தது. சின்னவள் ஓடிவந்து அக்காவின் கையைக் குழாய்க்கடியில் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் வெளுத்துக்கொண்டு வந்தது. அப்போது வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து நடந்ததைத்தான் அவளால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவளுடைய இன்னொரு கையில் அந்தத் துணி இருந்தது. அந்தக் கை போய்த் துணியைக் கைப்பிடியின் மேல் போட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. ஈரத்துணி சூட்டில் 'உஸ்' என்றது. குழாய்ச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அம்மா உள்ளே வந்தாள். பெரியவளின் கையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! துணி போட்டுத்தானடி இருக்கு! கண்ண எங்க வெச்சிருந்த?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"துணி இல்லையேம்மா... நான் பாத்தேனே..."

"இந்தா இருக்கே! இது என்ன, நான் கொண்டாந்து போட்டதா?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். சந்தேகப்படவில்லை. சாட்சி கேட்டாள், அவ்வளவுதான். தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும்.

"கவனிக்கலபோல. விடும்மா, கத்தாத" என்றாள் சின்னவள்.

மருத்துவமனையில் கட்டுப்போட்ட நர்ஸ் எப்படி ஆயிற்று என்று கேட்டபோதும் சின்னவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள், கம்பெனியில் பேசுகிற அதே பதவிசான குரலில். "ஓவன்ல இருந்து எடுத்த சட்டிங்க. சூடுன்னு தெரியாமத் தொட்டுட்டாங்க." தொட்டுட்டாங்களாம். கூடப் பிறந்தவளுக்கு அங்கே திடீரென்று மரியாதை வேறு.

எலும்புக்கு ஒன்றும் இல்லை, தோல் ஆறிவிடும், விரல் மடக்க வரும் என்று டாக்டர் சொன்னார். மாஸ்டரும் தங்கமான மனிதர். "கை ஆறட்டும்மா. நாற்காலி எங்கயும் ஓடிப் போகாது" என்று சொல்லி அனுப்பினார். அத்தோடு எல்லாம் சரியாகிவிடும், தான் எதையும் சொல்லவே வேண்டியிருக்காது என்று சின்னவள் கணக்குப் போட்டாள்.

அதற்குப் பதிலாகச் சேவகம் செய்தாள். அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள், துணி துவைத்தாள், கைக்கட்டின் மேல் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் பை கட்டிக் குளிப்பாட்டினாள். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிப் பூரித்தாள். "எனக்கு நீ இல்லேன்னா நாறிப் போயிருப்பேன்டி" என்றாள் பெரியவள், தலையைத் தங்கையின் மடியில் சாய்த்துக்கொண்டு. சின்னவளுக்கு அந்தச் சீப்பாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்ளலாம்போல இருந்தது. வாயைத் திறந்தாள். "என்னடி?" என்றாள் அக்கா. "சிக்கு" என்றாள்.

எத்தனையோ முறை அது தொண்டைவரை வந்தது. துணியை எடுத்தேன் என்று சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அவசரம், மறதி, யாருக்கும் நடக்கும். துணியைத் திரும்பப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதற்கு என்ன பெயர்?

இதற்குள் பெரியவளிடம் ஏதோ ஒன்று கழன்று போயிருந்தது. கதவைப் பூட்டிவிட்டு மறுபடி போய் இழுத்துப் பார்த்தாள். பால் பாக்கெட்டின் தேதியைத் தங்கையிடம் நீட்டி, "நீ பாத்துச் சொல்லு" என்றாள். ஓவன் பக்கம் போவதே இல்லை. ஒரு நாள் அம்மாவின் கிழிந்த ரவிக்கையை இடது கையால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"நான் தினம் பாக்குறதே துணியத்தான். கைப்பிடி மேல அவ்ளோ பெரிய துணி கிடந்துருக்கு, அது தெரியலேன்னா என்னடி அர்த்தம்? துணியே தெரியாத கண்ண வெச்சுக்கிட்டு நான் எப்படி சாம்பிள் தைப்பேன்?"

"சும்மா இரு. ஏதோ நினைப்புல இருந்திருப்ப."

"நினைப்புல எல்லாம் இல்ல. பாத்தேன்டி. துணி இல்லேன்னு பாத்துட்டுத்தான் தொட்டேன். இப்பக்கூடக் கண்ண மூடினா வெறும் கைப்பிடிதான் தெரியுது. அதான் பயமா இருக்கு."

சின்னவள் எழுந்துபோய் முகம் கழுவினாள்.

வேலையிலும் நிம்மதி இல்லை. ஒரு பெண் கூப்பிட்டாள். அவர்கள் கம்பெனி வாணலியை ஓவனிலிருந்து எடுத்து, பேச்சுவாக்கில் கைப்பிடியைப் பிடித்துவிட்டாளாம். கை கொப்பளித்துவிட்டது. "கைப்பிடியும் சுடும்னு டப்பா மேல எங்கயும் போடலியேங்க" என்றாள். இதற்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு. சின்னவளுக்கு அது மனப்பாடம்: பயன்படுத்துவோரின் கவனக்குறைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல. எத்தனையோ பேருக்கு ஒப்பித்த வாக்கியம். அன்றும் ஒப்பித்தாள்.

அந்தப் பெண் சண்டை போட்டிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளோ, "சரிங்க. என் தப்புதான். எனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல" என்றாள்.

சின்னவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பக்கத்து இருக்கைக்காரி, "என்ன, திட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. திட்டல" என்றாள் சின்னவள். அதுதான் கஷ்டம் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கட்டுப் பிரித்துச் சின்னக் கட்டாகப் போட்ட பிறகு, மாஸ்டர் ஃபோன் செய்தார். எப்போது வருகிறாய், இன்றைக்குச் சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஒருத்தியைப் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். பெரியவள், கண்ணைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லப் போற?" என்றாள் சின்னவள்.

"மொதல்ல கண் கடைக்குப் போலாம் வா. கண்ணாடி போட்டா சரியாகும்னா போட்டுக்கிட்டுப் போறேன். இல்லேன்னா வரலேன்னு சொல்லிடுறேன். நான் முதல் சட்டையத் தப்பாத் தைச்சா, அதப் பாத்துத் தைக்கிற அத்தன பேரும் தப்பாத் தைப்பாங்கடி."

கண்ணாடிக் கடையில் ஓர் இளைஞன் பெரியவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தான். ஒரு கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொன்னான். அவள் கடைசி வரியையும் படித்துவிட்டு, அதற்குக் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள். அவன் சிரித்துவிட்டான். விளக்கை வைத்துப் பார்த்தான், ஓரப் பார்வை தெரிகிறதா என்று விரலை ஆட்டிப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்குக் கண்ணாடி வித்தா எனக்குப் பாவம் சேரும். ஒரு குறையும் இல்ல. என் கண்ணவிட நல்லா இருக்கு."

வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பெரியவளின் முகம் அப்படியே இறங்கிப் போனதைச் சின்னவள் எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். சுற்றிலும் கண்ணாடிகள். எல்லாவற்றிலும் அந்த முகம்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள்.

"அப்போ கண்ணு இல்ல. மண்டையிலதான் கோளாறு" என்றாள் பெரியவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இடது கையால் பையைத் துழாவி ஃபோனை எடுத்தாள். "மாஸ்டர்கிட்ட வரலேன்னு சொல்லிடுறேன். நீ நம்பரைப் போட்டுக் குடு."

சின்னவள் ஃபோனை வாங்கவில்லை.

"அக்கா. துணி இல்ல."

"என்ன?"

"கைப்பிடி மேல துணி இல்ல. நீ பாத்தது சரி. நான்தான் எடுத்துட்டுப் போனேன், லேப்டாப்ல தண்ணி கொட்டிருச்சு, துடைக்க. நீ தொட்டப்ப துணி இல்ல."

பெரியவள் நீட்டிய ஃபோனை இறக்கினாள்.

"அம்மா வந்தப்ப இருந்துச்சே."

"நான் திரும்பப் போட்டேன். அம்மா செருப்புச் சத்தம் கேட்டுச்சு. போட்டுட்டேன்."

சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை பெரியவள் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"துணி இல்லக்கா."

"துணி இல்ல" என்றாள் பெரியவள். "துணி இல்ல. நான் சொன்னேன்ல. நான் பாத்தேன்ல!" அவள் குரல் மேலே போனது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நொடி சின்னவளுக்கு, அப்பாடா, முடிந்தது என்றிருந்தது.

முடியவில்லை. பெரியவளின் இடது கை வந்து கன்னத்தில் விழுந்தது. பழக்கமில்லாத கை, பாதி காதில் பட்டது.

"கை வெந்ததுக்கு இல்லடி இது. கை வெந்தா மருந்து இருக்கு, போட்டாச்சு. இத்தன நாளா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு உக்காந்திருந்தேனே, அதுக்கு எந்த ஆஸ்பத்திரில மருந்து? தல வாரிவிட்டியே! ஊட்டிவிட்டியே! கண் டெஸ்டுக்குக்கூடக் கூடவே வந்தியேடி! உள்ள அவன் விளக்கடிச்சுப் பாக்குறான், நீ பாத்துக்கிட்டு நிக்கிற!"

"பயமா இருந்துச்சுக்கா."

"யாருகிட்ட பயம்? என்கிட்டயா? நான் உன்ன என்னிக்காவது ஒரு சொல் சொல்லியிருக்கேனா? உன்னப் படிக்க வெச்சது எதுக்கு, எனக்கு விவரம் பத்தாதுன்னு என்னையே நம்ப வெக்கவா?"

மன்னிச்சிரு என்ற சொல் சின்னவளின் வாயில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அக்கா ஏதோ ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். அந்தப் பதிலைக் கேட்க இப்போது தனக்கு என்ன தகுதி என்று நினைத்து விழுங்கிவிட்டாள்.

பெரியவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இடது கைக் கட்டைவிரலால் தடவித் தடவி எண்ணைத் தேடினாள். தப்பான பெயரைத் தொட்டு, வெட்டி, மறுபடி தேடினாள். சின்னவளின் கை தானாக நீண்டது.

"தொடாத."

கையை இழுத்துக்கொண்டாள்.

"மாஸ்டர், நான்தான்" என்றாள் பெரியவள், தெருவுக்கே கேட்கும்படி. "வர்றேன். நாளைக்கே வர்றேன். துணிய வெட்டி மட்டும் வெச்சுடுங்க, வெட்டுறதுக்குத்தான் இன்னும் கை சரியா வரல... தைப்பேன். தைக்க முடியும்... கண்ணா? கண்ணுக்கு என்ன? இப்பதான் காட்டிட்டு வர்றேன், ஒரு குறையும் இல்லன்னுட்டான். குறையெல்லாம் கூடப் பொறந்ததுலதான்... ஆமா, அவதான். அந்தப் படிச்சவதான். துணிய எடுத்தது அவ, திரும்பப் போட்டது அவ, நான் குருடின்னு சாட்சி சொன்னதும் அவதான்... ஆமா மாஸ்டர், நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த..."

முன்பின் தெரியாத பத்துப் பேர் நடுவில் சின்னவளின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். சாம்பிள் நாற்காலி கிடைக்குமென்று அன்று வந்து வாயாடினாளே, அதற்குப் பிறகு அக்காவின் இந்தக் குரலை அவள் கேட்கவே இல்லை.

பேருந்து வந்தது. பெரியவள் எழுந்து, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும், என் முன்னால. முழுசா."

"சொல்றேன்."

சின்னவளும் எழுந்தாள். படியில் ஏறிய பெரியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அடுத்த பஸ்ல வா."

பேருந்து கிளம்பியது. சின்னவள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்தவர், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.